சாவியைக் கொடுத்தவன் நான்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். என்னிடம் படித்தவர்கள் கட்டாயம் படியுங்கள்.

போன வாரம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. எங்கள் தெருவில் எதிர் வரிசை மூன்றாவது வீட்டுப் பையன் நல்ல மார்க். அன்று சாயங்காலமே அவன் அப்பா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் போட்டிருந்தார். புத்தம் புது பைக். ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை, டேங்கில் சந்தனம் குங்குமம், முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், மேலே சிரித்தபடி பையன். "சொன்னதைச் செய்தேன் மகனே" என்று கீழே ஒரு வரி. நானும் ஒரு கைதட்டும் பொம்மையை அனுப்பி வைத்தேன். தெருவே அனுப்பியிருக்கும்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பையனுக்கு வயது 15. அது தெரிந்துதான் கை தட்டினேன். அதுவும் யார்? நான். எனக்கு அந்தத் தகுதியே கிடையாது. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. இருபது வருடமாக என் மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லாத விஷயம்.

2005, பிப்ரவரி மாதம். விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார். கேள்வித் தாளுடன் வேறு சில படிவங்களும் பிரதி எடுக்க வேண்டும். எங்கள் பள்ளியில் ஜெராக்ஸ் மெஷின் கிடையாது, 6 கிலோமீட்டர் தள்ளி மெயின் ரோட்டில்தான் கடை. மணி நாலரை. நான் ஆய்வகத்தில் கால்வனோமீட்டர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு முள்ளே நகரவில்லை. எரிச்சலில் இருந்தேன்.

பக்கத்தில் உதவிக்கு நின்றவன் சொன்னான். "சார், நான் போய்ட்டு வந்துடறேன் சார். பத்தே நிமிஷம்."

பன்னிரண்டாம் வகுப்பு. வயது 17. வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருவன். அவன் பெயர் வேண்டாம். மாமாவின் டிவிஎஸ் 50ஐ வயலுக்கு ஓட்டிப்போய்ப் பழகியவன். நன்றாக ஓட்டுவான் என்று எனக்குத் தெரியும், பல தடவை பார்த்திருக்கிறேன். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். "பாத்துப் போடா" என்றேன்.

இந்தப் "பாத்துப் போடா" இருக்கிறதே, அதை நாம் ஏதோ தாயத்து மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறோம். சொல்லிவிட்டால் நம் பொறுப்பு முடிந்தது.

ஹெல்மெட் என்னிடமே கிடையாது. அப்போது எங்கள் ஊரில் யாரிடமும் கிடையாது. போலீஸ்காரரும் தொப்பியோடுதான் வண்டி ஓட்டுவார்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வரும்போதுதான். அது உளுந்து பிடுங்கும் சமயம். எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். களம் இல்லாதவர்கள் செடியோடு உளுந்தைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ், லாரி, டிராக்டர் ஏறி இறங்கி, தானாகக் காய் உடைந்துவிடும். ஆள் கூலி மிச்சம். காலம் காலமாக நடப்பது, யாரும் தப்பாக நினைப்பதில்லை. நான்கு சக்கரத்துக்கு அதனால் பெரிய தொந்தரவு இல்லை. இரண்டு சக்கரத்துக்கு அது எமன். மேலே வழுக்கும் செடி, அடியில் உருளும் பயறு. சக்கரத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே ஆயிரம் கோலிக்குண்டைக் கொட்டியது போல. வளைவு திரும்பியதும் எதிரே உளுந்துப் பரப்பு, ஓரத்தில் அதைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா. பையன் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருக்கிறான்.

உராய்வுப் பாடத்தை அவனுக்கு நடத்தியவனும் நான்தான். நழுவு உராய்வு, உருள் உராய்வு, எல்லாம் படம் போட்டு நடத்தினேன். அவன் பத்துக்குப் பத்து வாங்கியிருப்பான். ஆனால் ஈர ரோட்டிலும் மணல் ரோட்டிலும் முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் வண்டி என்ன ஆகும் என்று ஒரு நாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. அது பாடத்திட்டத்தில் இல்லை.

தலை ரோட்டோரக் கல்லில் மோதியது. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்ததே 2008இல்தான். உளுந்துக்காரர்கள் பயந்து போய் நின்றிருக்கிறார்கள், தொட்டால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று. அந்த வழியாக வந்த ஒரு வேன்காரர்தான் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார். முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி, அங்கிருந்து ராத்திரியோடு ராத்திரியாக ஜிப்மர்.

ஜெராக்ஸ் தாள்கள் ரோட்டில் சிதறிக் கிடந்ததை யாரோ பொறுக்கி, ஒரு மஞ்சள் பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தத் தாள்களை வைத்துத்தான் மறுநாள் தேர்வு நடத்தினேன். நான்கைந்து தாள்களின் ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டியிருந்தது.

பையன் பிழைத்துக்கொண்டான். 40 நாள் ஆஸ்பத்திரி. வலது கை மடங்கியே நின்றுவிட்டது. பேச்சு திக்கித் திக்கி வரும். காலையில் சாப்பிட்டது மத்தியானம் ஞாபகம் இருக்காது. பொதுத்தேர்வு எழுதவே இல்லை. முதல் இரண்டு வருடம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "பிராக்டிகல் எப்ப சார்?" என்று கேட்பான். பிறகு அதுவும் கேட்பதில்லை. இன்று அவனுக்கு வயது 37. அம்மாவின் பெட்டிக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். சில்லறை மட்டும் அவனிடம் கொடுக்க மாட்டார்கள்.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி.

விபத்து நடந்த மூன்றாம் நாள் விசாரணை. வண்டி என் பெயரில் இருக்கிறது, பையனுக்கு லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் இல்லாதவனிடம் வண்டியைக் கொடுப்பது அன்றும் குற்றம்தான். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. என் மீது அக்கறை உள்ள ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "சார், ஸ்டாண்டில் நின்ற வண்டியைப் பையன் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று எழுதிக்கொள்ளலாம். உங்களுக்கு வேலைக்கு ஆபத்து வராது."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை, சும்மா நின்றேன். அது போதுமானதாக இருந்தது.

பேசக்கூட முடியாமல் ஜிப்மரில் படுத்துக்கிடந்த பையன் காகிதத்தில் திருடன் ஆனான். மோதிய எதிர் வண்டி என்று எதுவும் இல்லாததால் இழப்பீடு கேட்கவும் யாரும் இல்லை. அவன் அப்பா 70 சென்ட் நிலத்தை விற்றார். நான் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் துணிமணி, கொஞ்சம் பணம் கொண்டுபோய்க் கொடுப்பேன். "தன் வண்டியை எடுத்துட்டுப் போய் இடிச்ச பையனுக்கே இவ்ளோ செய்றாரு" என்று ஊரில் எனக்கு நல்ல பெயர். ஓய்வு பெற்ற அன்று மேடையில் ஒருவர் இதைச் சொல்லிப் பாராட்டவே செய்தார். சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விபத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டால் நாம் சொல்கிற பதில்கள் தெரிந்தவைதான். வேகம், குடி, தூக்கம், செல்போன், ரோடு சரியில்லை. எல்லாம் உண்மை. மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் வருட அறிக்கையைப் பார்த்தேன். நாடு முழுக்க 1,68,491 பேர் சாலையில் இறந்திருக்கிறார்கள். நூற்றுக்கு எழுபதுக்கு மேல் அதிவேகம் என்ற கணக்கில் வருகிறது. தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் நாம்தான் முதல் இடம், 64,105. வகுத்துப் பாருங்கள், நம் மாநிலத்தில் ஒரு நாளைக்கு 49 பேர். தினம் ஒரு டவுன் பஸ்ஸின் இருக்கைகள் நிறைய ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் அந்த அட்டவணையில் "சாவி கொடுத்தவர்" என்று ஒரு கட்டம் கிடையாது. "கடைக்கு ஒரு நடை போய் வா" என்று அனுப்பியவருக்கும், ரோட்டில் உளுந்தைக் கொட்டியவருக்கும் கட்டம் கிடையாது. என் மாணவனின் விபத்து அந்த வருடக் கணக்கில் எந்தக் கட்டத்தில் போயிருக்கும் என்று யோசித்தேன். ஓட்டுநரின் தவறு என்றுதான் போயிருக்கும்.

அந்த ஜூனிலிருந்து நான் செய்தது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வருடமும் இயக்கச் சமன்பாடு நடத்தும்போது பசங்களை மைதானத்துக்கு அழைத்துப் போவேன். சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு போட்டு அதில் அவர்களை நிற்க வைப்பேன். "இங்கே வரும்போது எதிரே ஒரு குழந்தை குறுக்கே ஓடுகிறது. பார்க்கிறாய். மூளைக்குப் போய், கைக்கு வந்து, பிரேக்கைப் பிடிக்க ஒரு செகண்டு. நல்ல டயர், காய்ந்த தார் ரோடு. எங்கே நிற்பாய்?" டேப்பை இழுத்து அளப்போம். 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தவன் 20 மீட்டரில் நிற்பான். 60இல் வந்தவனுக்கு 36 மீட்டருக்கும் மேல் வேண்டும். 80 என்றால் 57 மீட்டர், மைதானம் முடிந்து வேலியைத் தாண்டிப் போக வேண்டும்.

பசங்க இதற்குக்கூட அசர மாட்டார்கள். அடுத்த கணக்குக்குத்தான் அசருவார்கள். "40இல் வந்தவன் நின்ற அதே 20 மீட்டரில் குழந்தை நிற்கிறது. 60இல் வந்தவன் அந்த இடத்தைத் தாண்டும்போது அவன் வேகம் என்ன?" எல்லோரும் 20 என்பார்கள், 60இல் 40 போனால் 20 என்று. கரும்பலகையில் போட்டுப் பார்த்தால் விடை 55. ஏனென்றால் அந்த ஒரு செகண்டிலேயே அவன் கிட்டத்தட்ட 17 மீட்டர் வந்துவிட்டான். பிரேக் வேலை செய்ய மீதி இருந்தது 3 மீட்டர்தான். ஒருவன் குழந்தைக்கு முன்னால் நின்றுவிட்டான், இன்னொருவன் 55 வேகத்தில் அதன் மேல் மோதுகிறான். வித்தியாசம் வெறும் 20 கிலோமீட்டர். இந்த இடத்தில் வகுப்பு எப்போதும் அமைதியாகிவிடும்.

60 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவதும் 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதும் ஒன்று. அதாவது நாலு மாடிக்கும் மேலிருந்து. மொட்டை மாடி விளிம்பில் நிற்கும் பிள்ளையைக் கண்டால் கத்துகிறோம். அதே பிள்ளை 60இல் போனால் "சூப்பரா ஓட்றான்" என்கிறோம்.

ஒரு வருடம், 2007 என்று நினைவு, பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "சார், இவ்ளோ சொல்றீங்க, நீங்க ஹெல்மெட் போட மாட்டீங்களே சார்?" வகுப்பு சிரித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் போய் ஹெல்மெட் வாங்கினேன். ஊரில் "வாத்தியார் சட்டியக் கவுத்துக்கினு போறாரு" என்று ஒரு மாதம் பேசினார்கள். 2015 ஜூலையில் ஹெல்மெட் கட்டாயம் என்று ஐகோர்ட் உத்தரவு வந்தபோது அதே ஆட்கள் கடை வாசலில் வரிசையில் நின்று, சொன்ன விலைக்கு வாங்கினார்கள். வாங்கியதைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்து ஓட்டினார்கள். டேங்குக்கு அடிபடாது.

கழுத்துப் பட்டையைப் பூட்டாத ஹெல்மெட்டும் அப்படித்தான். ஆள் விழுவதற்கு முன் அது தனியாகப் பறந்து போயிருக்கும்.

வரலாறு பிடித்தவர்களுக்கு ஒன்று. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படம் பார்த்திருப்பீர்கள். அந்த நிஜ லாரன்ஸ் 1935இல் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில்தான் இறந்தார். சைக்கிளில் போன இரண்டு பையன்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பி, தூக்கி எறியப்பட்டார். தலையில் அடி. அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவரான ஹ்யூ கெய்ர்ன்ஸ் அதன் பிறகு தலைக்கவசம் பற்றி ஆராய்ந்து எழுதியவைதான் பிரிட்டிஷ் ராணுவ மோட்டார் சைக்கிள்காரர்கள் தலைக்கு ஹெல்மெட் ஏறக் காரணம். 90 வருடம் ஆகிறது. நாம் இன்னும் டேங்க் மேல் வைத்திருக்கிறோம்.

சரி, எதிர் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

மறுநாள் காலை வாக்கிங் முடித்து அவர் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். "தம்பி, பையனுக்கு 15தானே ஆவுது?" என்று ஆரம்பித்தேன்.

"ட்யூஷனுக்குத்தான் சார். ரெண்டு கிலோமீட்டர். மெயின் ரோடு பக்கமே போகக்கூடாதுன்னு சொல்லிட்டேன்."

சட்டத்தைச் சொன்னேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை வண்டி ஓட்டி மாட்டினால் தண்டனை அப்பாவுக்கு. 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 16 வயதில் வாங்கும் லைசென்ஸ் கியர் இல்லாத 50 சிசி வண்டிக்கு மட்டும்தான், அப்படி ஒரு பெட்ரோல் வண்டி இன்று கடையில் கிடைப்பதே அபூர்வம்.

"நம்ம ஊர்ல யாரு சார் புடிக்கப் போறாங்க?" என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "காலையில அஞ்சரைக்கு ட்யூஷன் சார். எனக்கு நைட் ஷிப்ட். அந்த நேரத்துல பஸ்ஸும் இல்ல. நான் என்ன பண்றது, சொல்லுங்க."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொல்வது நியாயம்தான். பிள்ளைகளை விடியற்காலை ட்யூஷனுக்கு வரச்சொல்லும் பழக்கத்தை உண்டாக்கியவர்கள் வாத்தியார்களாகிய நாங்கள்தான். பேசாமல் எழுந்து வந்துவிட்டேன்.

எனக்கும் இந்த அவசரக் கணக்கெல்லாம் தெரியும். நான்கு வழிச் சாலை வந்த பிறகு பெட்ரோல் பங்க் எங்கள் பக்கமே 300 மீட்டரில் இருக்கிறது. முறைப்படி போக வேண்டுமானால் ஒன்றரை கிலோமீட்டர் போய் யூ டர்ன் போட வேண்டும். ஓய்வு பெற்று ஒரு வேலையும் இல்லாத நான், ராங் சைடில் ஓரமாக எத்தனை தடவை போயிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள். "சட்டத்தச் சொல்லி என்ன ஆவப்போவுது? நடந்ததச் சொல்லுங்க." "முதலில் அங்கே சொல்லாமல் இங்கே எப்படிச் சொல்வது?" என்றேன். "அப்போ அங்க போங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். பெட்டிக்கடையில் அம்மாவும் பையனும் இருந்தார்கள். பையன் என்று இன்னும் எழுதுகிறேன், அவனுக்கு முன் முடி நரைத்துவிட்டது. அப்பா காலமாகி ஆறு வருடம். எனக்கு ஸ்டூல் போட்டார்கள், கலர் உடைத்துக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினேன். பிறகு சொல்லிவிட்டேன். "அம்மா, அன்னைக்கு அவன் கேக்காம எடுத்துட்டுப் போகல. சாவிய நான்தான் குடுத்து அனுப்பினேன்."

அந்த அம்மா புகையிலைப் பாக்கெட் சரத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"தெரியும் சார். அன்னைக்கே கூட இருந்த பசங்க வந்து சொல்லிட்டாங்க. இவங்க அப்பாதான், விடு, அவருக்கும் பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது, வேலை போச்சுன்னா என்ன பண்ணுவாரு, புள்ள எந்திரிச்சு வந்தா போதும்னாரு."

பிறகு சொன்னார். "எடுத்துட்டுப் போய்ட்டான்னு எழுதுனீங்களே, அதுதான் சார் கொஞ்சம் கஷ்டமா இருந்திச்சு. அவன் அப்பிடி எடுக்குற புள்ள இல்ல."

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. எதுவும் சொல்லியிருக்க மாட்டேன். அவன் என் கையில் இருந்த பாட்டிலை வாங்கி, இடது கையால் கிரேடில் சரியாகச் செருகி வைத்தான். ஊரும் பெயரும் போடாமல் இதையெல்லாம் எழுதலாமா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "எழுதுங்க சார். திருடிட்டுப் போகலன்னு எழுதுங்க" என்றார்.

எழுதிவிட்டேன் அம்மா. அவன் திருடவில்லை. நான் கொடுத்தேன்.

அன்று இரவே எதிர் வீட்டுக்காரரை அழைத்து, எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து முழுவதையும் சொன்னேன். பையனும் கூடவே நின்று கேட்டான். அவர் ஒன்றும் பேசவில்லை. போகும்போது "பாக்கறேன் சார்" என்றார். இரண்டு நாள் வண்டி வாசலில் உறை போட்டபடியே நின்றது. இன்று காலை ஐந்தே காலுக்கு வண்டிச் சத்தம் கேட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஷிப்ட் உடுப்பைக்கூட மாற்றாமல் அப்பா ஓட்டிக்கொண்டு போகிறார், பையன் பின்னால் தூங்கி வழிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. ராத்திரி முழுக்கக் கண் விழித்த ஆள் வேறு.

சாயங்காலம் மறுபடி ஒரு தடவை போய்வர வேண்டும்.